பார்ட்டில்மனையும் நம் பிள்ளைகள் அறியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூன் 21, கனடாவின் தேசிய பூர்வகுடிகள் நாளையொட்டித் தங்கள் பத்திரிகையில் வந்த சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பள்ளிகளில் அவர்கள் பட்ட பாடு, பெயரில்லாப் புதைகுழிகள், தாய்மொழியில் பேசியதற்காக வாங்கிய அடி, எல்லாம் இருந்தது. பக்கத்தில் மேளத்தோடும் இறகுத் தலையணியோடும் ஆடுகிற ஒருவரின் பெரிய படம். அதில் ஒரு சொல்லையும் குறைக்கும்படி நான் கேட்க மாட்டேன். அவை திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டிய விஷயங்கள். ஆனால் பதவியில் இருந்து முடிவெடுத்த, இந்த நாட்டின் சார்பில் உலகத்தோடு பேசிய ஒரு பூர்வகுடி மனிதரை அந்தப் பக்கத்தில் எங்கும் காணவில்லை. இறந்தவர்களாகவும் ஆடுபவர்களாகவும் மட்டுமே அவர்கள் இருந்தார்கள்.

இது பத்திரிகையோடு நிற்கிற குறையும் அல்ல. நான் ஸ்காபுறோவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் கலைவிழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்போ பின்போ ஒருவர் மேடைக்கு வந்து, இந்த மண் பூர்வகுடி மக்களுடையது என்று ஒரு பத்தி வாசிப்பார். பெயர்கள் வாயில் நுழையாமல் தடக்கித் தடக்கி வாசித்து முடிந்ததும் பரதநாட்டியம் தொடங்கிவிடும். போன வருடம் அப்படி ஒருவர் வாசித்து இறங்கியபோது என் பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், அவையள் இப்பவும் இருக்கினமோ?" இந்த மாகாணத்தில் பிறந்து, இங்கேயே ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவளுக்கு நான் சொன்ன மனிதரைப் பற்றித்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஜேம்ஸ் பார்ட்டில்மன். ஒன்ராறியோ மாகாணத்தின் முதல் பூர்வகுடித் துணைநிலை ஆளுநர். அதற்கு முன் முப்பத்தைந்து ஆண்டுகள் கனடாவின் இராஜதந்திரி. 2023 ஓகஸ்ட் 14ஆம் திகதி தம் 83ஆவது வயதில் காலமானார். நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகள் எதிலும் ஓர் அஞ்சலிக் குறிப்புக்கூட என் கண்ணில் படவில்லை. இந்தக் கடிதம் நீளுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கசினோ ராமா என்றால் நம்மில் பலருக்கு உடனே விளங்கும். வார இறுதியில் பஸ் பிடித்துப் போய் வருகிற இடம். அந்தக் கசினோ நிற்கிற மண் சிப்பேவா என்ற பூர்வகுடி மக்களின் ராமா குடியிருப்பு. பார்ட்டில்மனுடைய தாய் அந்த மக்களில் ஒருவர். தந்தை வெள்ளைக்காரர், கூலித் தொழிலாளி. அருகே ஒறிலியா நகரில் 1939 டிசம்பர் 24ஆம் திகதி இவர் பிறந்தார். பூர்வகுடிப் பெண் ஒருத்தி வெளியாரை மணந்தால் பூர்வகுடி என்ற சட்டபூர்வ உரிமையை இழப்பாள் என்பது அன்றைய சட்டம். ஆண் மணந்தால் இழப்பு இல்லை, வெள்ளைக்கார மனைவிக்கே அந்த உரிமை கிடைத்துவிடும். ஆகவே திருமணம் செய்த நாளிலிருந்து அந்தத் தாய் சட்டத்தின் கண்ணில் தன் சொந்த மக்களைச் சேர்ந்தவள் அல்ல. வெள்ளைக்காரச் சனங்களுக்கோ அவள் பூர்வகுடிக்காரிதான். 1985இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அவர்களுக்கு அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. அப்போது மகன் ஏற்கெனவே கனடாவின் தூதுவராக இருந்து வந்தவர்.

அடுத்து முஸ்கோகா. கோடை வந்தால் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கொட்டேஜ் எடுத்துப் போகிற ஏரிப் பகுதி. ஒக்ரோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கவும் போவோம். அங்கே முஸ்கோகா ஏரிக்கும் றோசோ ஏரிக்கும் நடுவில் படகுகள் ஏறி இறங்குகிற நீர்ப்பூட்டு இருக்கிற ஊர் போர்ட் கார்லிங். ராமாவிலிருந்து இவருடைய தாய்வழிப் பாட்டன் பாட்டி கோடைதோறும் அங்கே வந்து தங்கி, கைவினைப் பொருட்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பார்கள். 1946இல் பார்ட்டில்மன் குடும்பம் அந்த ஊருக்குப் பிழைக்க வந்தது. வீடு இல்லை. ஊர்க் குப்பை கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் அடித்து இருந்தார்கள்.

அந்தக் குப்பைமேட்டில்தான் அந்தச் சிறுவன் வாசிக்கப் பழகினான். பணக்காரர் கொட்டேஜ்களில் இருந்து வந்து விழுகிற கொமிக் புத்தகங்களைப் பொறுக்கி எடுத்துப் படம் பார்த்து, எழுத்துக் கூட்டி, கதை பிடித்து வாசித்தான். பிறகு ஊர் நூலகத்துக்குப் போகத் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் "கலப்புச் சாதி" என்று ஏசுகிற பிள்ளைகள் இருந்தார்கள். நூலகத்தின் அலுமாரிகளுக்கு நடுவே அந்தத் தொல்லை இல்லை. தம் நினைவுக் குறிப்புகளிலும் மேடைகளிலும் இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒரு பொது நூலகத்தில் புத்தகம் அடுக்கியவள். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நூலகத்தின் மூலைக் கதிரையில் வந்து குந்துகிற பிள்ளைகளை அறிவேன். அவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்பதை விட, தங்களை யாரும் எழும்பச் சொல்லாத ஓர் இடம் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிது.

ஊரில் உயர்நிலைப் படிப்பைத் தொடர வசதி இல்லை. கோடையில் ஒரு கொட்டேஜில் வேலை செய்யப் போனான். அதன் சொந்தக்காரர் றொபேர்ட் க்ளோஸ் என்ற அமெரிக்கர், பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த செல்வந்தர். பையனின் கெட்டித்தனத்தைக் கண்டு, உயர்நிலைப் படிப்பை முடிக்கவும் இந்த மாகாணத்து லண்டன் நகரிலுள்ள வெஸ்டேர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் படிக்கவும் அவர் பணம் கொடுத்தார். 1963இல் வரலாற்றில் பட்டம். 1966இல் கனடிய வெளிவிவகாரச் சேவை. பூர்வகுடி மக்கள் தங்கள் சட்டபூர்வ உரிமையை விட்டுக்கொடுக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க அனுமதி கிடைத்தது 1960இல். அதாவது இவர் இருபது வயதைத் தொட்ட பிறகு.

ஒரு பணக்காரரின் நல்ல மனத்தில் தொங்கிய வாழ்க்கை இது. அந்த மனிதர் வேறொரு ஏரிக்கரையில் கொட்டேஜ் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ட்டில்மனுக்கு நன்றாகத் தெரியும். பிற்காலத்தில் அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிபவை எல்லாம் இந்தத் தெளிவிலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் பணிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1972இல், புயலும் போரும் சிதைத்துப் போட்ட பங்களாதேஷில், டாக்காவில் கனடாவின் முதல் அலுவலகத்தைத் திறந்து நடத்தினார். 1981 முதல் 1983 வரை கியூபாவில் தூதுவர். 1986 முதல் 1990 வரை இஸ்ரேலில். பாலஸ்தீன மக்களின் எழுச்சியான முதலாவது இன்ரிஃபாடா வெடித்தது அந்தக் காலத்தில்தான். பிறகு நேட்டோவில் கனடாவின் தூதுவராக நான்கு ஆண்டுகள். சோவியத் ஒன்றியம் உடைந்ததையும் யூகோஸ்லாவியா எரிந்ததையும் அந்த மேசையில் இருந்து பார்த்தார். 1994 முதல் 1998 வரை பிரதமர் ஜோன் கிறெற்றியனின் வெளிவிவகார ஆலோசகர். தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகர். கடைசியாக ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தூதுவர். குப்பைமேட்டுக் கூடாரத்திலிருந்து புறப்பட்டவருக்கு இந்தப் பட்டியல் ஒன்றே போதும் என்று பலர் நிறுத்திவிடுவார்கள். எனக்கு இந்தப் பட்டியலுக்கு இடையிலும் பின்னாலும் நடந்த மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது எயர் இந்தியா. 1985 யூன் 23ஆம் திகதி கனடாவிலிருந்து புறப்பட்ட கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கனடியக் குடிமக்கள். ஆனாலும் இந்த நாடு நெடுங்காலம் அதை வேறு யாருடையதோ துக்கம் போலவே பார்த்தது. அந்த நேரத்தில் பார்ட்டில்மன் வெளிவிவகார அமைச்சில் புலனாய்வு, பாதுகாப்புப் பிரிவின் தலைவர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 மே மாதம், அந்தக் குண்டுவெடிப்பை விசாரித்த நீதிபதி ஜோன் மேஜர் ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். குண்டுவெடிப்புக்குச் சில நாள் முன்னர் ஒட்டுக்கேட்டுப் பெறப்பட்ட ஒரு தகவல் தம் மேசைக்கு வந்தது, அந்த வார இறுதியில் எயர் இந்தியா தாக்கப்படலாம் என்று அதில் இருந்தது, அதை உடனே எடுத்துப்போய் அங்கிருந்த கூட்டாட்சிப் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் காட்டினேன், தமக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று அவர் சுள்ளென்று சொன்னார் என்பது அந்தச் சாட்சி.

அரசின் ஒட்டுக்கேட்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வந்து அப்படி ஒரு தகவலே இருக்கவில்லை என்றார்கள். அவருடைய ஞாபகத்தைச் சந்தேகித்தார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த நாளில் அவர் பதவியில் இருக்கிற துணைநிலை ஆளுநர். அரசியின் பிரதிநிதி. வாய் திறக்காமல் இருந்திருந்தால் மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போயிருப்பார். யாரும் அவரைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். தாம் பணி செய்த அரசின் முகம் சுருங்கும் என்று தெரிந்தும் அவர் சொன்னார். 2010இல் வெளிவந்த ஆணைக்குழு அறிக்கை அவருடைய சாட்சியத்தை நம்பத்தக்கது என்று ஏற்றது. ஆணைக்குழுக்கள் வந்து வந்து போனதையும், உண்மை தெரிந்த அதிகாரிகள் வாய்மூடி ஓய்வூதியம் வாங்கியதையும் பார்த்துக் களைத்த சனம் நாங்கள். நிறைவான பதவியில் இருந்துகொண்டு ஒருவர் இப்படிப் பேசினார் என்பது எனக்குச் சாதாரண செய்தி அல்ல.

இரண்டாவது, 1999. தென்னாபிரிக்காவில் உயர்ஸ்தானிகராக இருந்தபோது கேப்டவுனில் ஹோட்டல் அறைக்குள் புகுந்த கொள்ளையன் அவரை மோசமாகத் தாக்கினான். உடற்காயம் ஆறியது. மனம் ஆறவில்லை. கடுமையான மனச்சோர்வுக்குள் விழுந்தார். அவுஸ்திரேலியாவுக்கு மாற்றலாகிப் போன பிறகும் அது கூடவே வந்தது. அவருடைய தாயும் வாழ்நாளில் அதே நோயோடு போராடியவர். மகன் வைத்தியரிடம் போனார், மருந்து எடுத்தார், மெல்ல மெல்ல மீண்டார். 2002 மார்ச் 7ஆம் திகதி துணைநிலை ஆளுநராகப் பதவியேற்றதும் தம் காலத்தில் மூன்று காரியங்களுக்காக உழைப்பேன் என்றார்: மனநோயைச் சுற்றியுள்ள வெட்கத்தைப் போக்குவது, இனவாதத்தை எதிர்ப்பது, பூர்வகுடிப் பிள்ளைகளை ஊக்குவிப்பது. முதலாவதைப் பற்றிப் பேசப் போன மேடைகளில் நிபுணர்களின் பேச்சைப் படித்துக் காட்டிவிட்டு இறங்கவில்லை. எனக்கு மனச்சோர்வு இருந்தது, சிகிச்சை எடுத்தேன் என்று தம்மைப் பற்றியே சொன்னார்.

இதை நான் எங்கள் வீட்டை விட்டுத் தள்ளி நின்று எழுத முடியாது. என் கணவர் ஊரில் பார்த்தவற்றைச் சுமந்துகொண்டு இங்கே வந்தவர். இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். ஒரு மாரி காலத்தில் அவர் பேஸ்மென்ற்றை விட்டு மேலே வருவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் அப்படியே இருக்கும். உறவினர்கள் கேட்டால் "அவருக்குச் சுகமில்லை" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு கதவு உண்டு. நீரிழிவு என்றால் யார் டொக்டர், என்ன குளிசை, எத்தனை பொயின்ற் என்று அரை மணி நேரம் பேசுவோம். மனம் என்று வந்தால் கதவு சாத்திவிடும். டொக்டரிடம் போவோம் என்று எத்தனையோ தரம் கேட்டும் இவர் அசையவில்லை. அந்த நாட்களில் ஒரு பேப்பரில் பார்ட்டில்மன் பேசியது படத்தோடு வந்திருந்தது. கழுத்துப் பட்டி, கோட்டு, மார்பில் பதக்கம். அதை இவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துத் தானாக மேலே வந்து, "ராணியின்ர ஆளே சொல்லுறார், எனக்கென்ன வெக்கம்" என்றார். அடுத்த கிழமை டொக்டரிடம் போனோம். இவர் இன்று என் பக்கத்தில் இருந்து இந்தக் கடிதத்தின் எழுத்துப் பிழை பார்க்கிறார். இதை எழுதச் சம்மதித்தவரும் இவர்தான்.

மூன்றாவது புத்தகம். இதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். துணைநிலை ஆளுநர் பதவிக்கு அதிகாரம் பெரிதாக இல்லை. சிம்மாசன உரை வாசிப்பது, சட்டமூலங்களில் கையெழுத்திடுவது, விருது கொடுப்பது, விருந்துகளுக்குத் தலைமை தாங்குவது. அதோடு அது அரச முடியின் பதவி. இவருடைய தாயின் மக்களோடு அதே முடியின் பேரில் 1923இல் எழுதப்பட்ட உடன்படிக்கைகளால் அவர்கள் தங்கள் நிலத்தையும் வேட்டையாடி மீன்பிடித்த உரிமையையும் இழந்தார்கள். வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று பெயர். அதற்காகக் கனடா அரசும் மாகாண அரசும் மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில், ராமாவில் வைத்து. ஏழு குடிகளுக்கும் சேர்த்து 111 கோடி டொலர் இழப்பீடு. நம் கலைவிழாக்களில் தடக்கித் தடக்கி வாசிக்கிற அந்தப் பத்தியில் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்றும் சிப்பேவா என்றும் வருகிறதே, அது இதுதான். அந்த மக்களில் ஒருவர் முடியின் பிரதிநிதியாக இருக்கச் சம்மதித்தது சரியா என்று கேட்டவர்களும் இருக்கலாம். நான் அந்தப் பதவியை வைத்து அவர் என்ன செய்தார் என்றுதான் பார்க்கிறேன்.

ஒன்ராறியோவின் வட கோடியில் வீதி போகாத ஊர்கள் பல இருக்கின்றன. சிறிய விமானத்தில் போகலாம். கடும் மாரியில் ஏரியும் ஆறும் உறைந்த பிறகு பனியின் மேல் வண்டி ஓடும். அந்த ஊர்களுக்கு அவர் பறந்து போனார். பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்கிற ஊர்கள். பள்ளிக்கூடங்களுக்குள் போய் நூலகம் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை, அல்லது காலியான தட்டுகள். தம்மைக் காப்பாற்றிய ஒன்று இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்று கண்டார். 2004 தொடக்கத்தில் ஒன்ராறியோ மக்களிடம் நல்ல நிலையில் உள்ள பழைய புத்தகங்களைக் கேட்டார். பொலிஸ் நிலையங்களில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள்.

நானும் கொடுத்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய வெறும் வாழைப்பழப் பெட்டியில் மகனுடைய புத்தகங்களை அடுக்கினேன். டைனோசர் புத்தகங்கள், துப்பறியும் கதைகள், ஒரு பெரிய உலக வரைபடப் புத்தகம். ஊரில் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் போகிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப்போன சனம் நாங்கள். தானாக நடந்து அதற்குள் போவது எங்கள் தலைமுறைக்கு லேசான காரியம் அல்ல. பெட்டியோடு வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றேன். உள்ளேயிருந்து ஓர் இளம் பொலிஸ்காரர் ஓடிவந்து கதவைத் திறந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே சுவரோரம் இடுப்பளவுக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் புத்தகம். யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நான் ஊரில் இருந்தவள். அந்த அடுக்கைப் பார்த்து நின்றபோது எனக்கு வந்ததை இங்கே எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்கள் வாசகர்களுக்கு விளங்கும்.

சேர்ந்தவை 12 இலட்சம் புத்தகங்கள். தரம் பிரித்துப் பெட்டி கட்டி, விமானத்திலும் பாரவண்டியிலும் பனிப்பாதையிலும் வடக்கே அனுப்பினார்கள். பூர்வகுடிப் பள்ளிகளுக்கும், நகரங்களில் பூர்வகுடி மக்களுக்கு உதவுகிற நட்புறவு நிலையங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 2007இல் இரண்டாம் முறையும் திரட்டினார். அந்த முறை வட கியூபெக்குக்கும் நுனாவுற்றுக்கும்கூட அனுப்பினார்கள்.

புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, குடிக்கத் தண்ணீர் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நெஸ்கன்ராகா என்ற ஊரில் 1995 முதல் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவித்தல் இருக்கிறது. இவ்வளவு பணக்கார நாட்டில் இது வெட்கக்கேடு. ஆனால் குழாய் போட வேண்டியது அரசு. அதற்கு நிதி ஒதுக்குகிற அதிகாரம் பார்ட்டில்மனிடம் இருக்கவில்லை. தம் கையில் இருந்தது என்ன, தம் பெயருக்கு யார் கதவு திறப்பார்கள் என்று பார்த்து, அதை முழுக்கப் பயன்படுத்தினார். புத்தகத்தை அனுப்பிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு ஓயவும் இல்லை. முதல் திரட்டலுக்கு அடுத்த ஆண்டு, 2005இல், வீதி இல்லாத ஐந்து ஊர்களில் கோடைகால வாசிப்பு முகாம்கள் தொடங்கின. பிறகு வேறு ஊர்களுக்கும் பரவின. ஃபுரொன்ரியர் கொலிஜ் என்ற பழைய எழுத்தறிவு அமைப்பு அவற்றை நடத்தியது. காலையில் வாசிப்பு, பிறகு விளையாட்டு, ஏரியில் நீச்சல், பெரியவர்கள் வந்து சொல்கிற தங்கள் ஊர்க் கதைகள். கோடை விடுமுறையில் வாசிப்பை மறந்துபோகிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெறுமதி என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். வட ஒன்ராறியோவின் ஐயாயிரம் பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் வீட்டுக்கே போகிற ஒரு வாசிப்புக் கழகத்தையும் ஏற்படுத்தினார். யாரோ கழித்த புத்தகத்தை வாசித்து வளர்ந்தவர், அந்தப் பிள்ளைகளின் கையில் புத்தம் புதியது ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

2007இல் பதவியை விட்டு இறங்கிய பிறகு ரொறன்ரோவின் ஒன்ராறியோ கலை, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் வேந்தராக இருந்தார். நாவல்களும் எழுதினார். 2011இல் வந்த முதல் நாவல் வதிவிடப் பள்ளியால் உடைந்த ஒரு பெண்ணையும் அவளுடைய பிள்ளைகளையும் பற்றியது. வடக்கே கண்ட தற்கொலைகளை அவரால் மறக்க முடியவில்லை என்பது அதை வாசித்தால் தெரியும். அதே ஆண்டு கனடாவின் உயர் குடிமக்கள் விருதான ஓர்டர் ஒஃப் கனடாவும் கிடைத்தது. பூர்வகுடி மாணவர்களின் எழுத்துக்கு ஒன்ராறியோ அரசு கொடுக்கிற பரிசு இவருடைய பெயரில் இருக்கிறது.

சரி, உங்களிடம் என் வேண்டுகோள் இவைதான். அடுத்த யூன் மாதப் பக்கத்தில் பாதியாவது இவரைப் போன்றவர்களுக்குக் கொடுங்கள். மாணவர் பகுதியில் பார்ட்டில்மனின் வாழ்க்கையைத் தொடராகப் போடலாம். போர்ட் கார்லிங்கில் தொடங்கி டாக்கா, ஹவானா, கேப்டவுன், ஒன்ராறியோ சட்டமன்றம் இருக்கிற குயின்ஸ் பார்க் என்று போகிற கதை பிள்ளைகளுக்கு அலுக்காது. எயர் இந்தியா பற்றி எழுதுகிற போதெல்லாம் அவருடைய சாட்சியத்தையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் மருத்துவப் பகுதியில் மனச்சோர்வு பற்றிக் கட்டுரை வருவது குறைவு. வந்தாலும் யோகாசனத்தோடும் வல்லாரைக் கீரையோடும் முடிந்துவிடுகிறது. இங்கே தமிழில் பேசுகிற மனநல வைத்தியர்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு மாதம் ஒன்றாவது போடுங்கள்.

தமிழ் அமைப்புகளுக்கும் உங்கள் வழியாக ஒன்று. பொங்கல் விழாவுக்கும் இராப்போசன விருந்துக்கும் நாம் திரட்டுகிற நிதியில் ஒரு பங்கு வைத்தியசாலைகளுக்குப் போகிறது, நல்ல காரியம். வடக்கே உள்ள பிள்ளைகளின் கோடைகால வாசிப்பு முகாம்களுக்கும் ஒரு வருடம் கொடுத்துப் பார்க்கலாமே. நில உரிமைப் பத்தியை மேடையில் வாசிக்கிறவர்கள் முதல் நாளே பெயர்களைச் சொல்லிப் பழகிக்கொண்டு வரட்டும். வாசித்து முடித்த பிறகு அந்த மக்களில் ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசட்டும். பார்ட்டில்மனைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருவேன். மாணவர் பகுதிக்கான தொடரையும் நீங்கள் சரி என்றால் நானே எழுதித் தருகிறேன். முதல் இரண்டு பகுதிகள் இப்போதே கைவசம் இருக்கின்றன. தட்டச்சு செய்து அனுப்பவா, கையெழுத்துப் பிரதி போதுமா என்று மட்டும் அறியத் தாருங்கள்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகி
ஸ்காபுறோ